கழுத்துக்குக் கீழே: கிளிநொச்சியில் ஒரு படக்கடை

கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பழைய படங்களைத் திருத்திப் பெருப்பித்துக் கொடுக்கும் ஸ்டூடியோ இருக்கிறது. கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். நல்லதாகத்தானே எழுதப் போகிறேன் என்றேன். "நல்லதாக எழுதினால்தான் ஐயா வில்லங்கம்" என்றார். ஆகவே விசாரித்துக்கொண்டு போங்கள். ஐப்பசி கடைசியிலிருந்து அந்த வாசலில் வயதான பெண்களின் செருப்புகள் நிறையக் கிடக்கும், அதுதான் அடையாளம்.

நான் தபால் சேவையில் 35 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். பொதியின் மூலையைப் பார்த்தே உள்ளே என்ன நொறுங்கியிருக்கும் என்று சொல்லிவிடுவேன். மற்றவர்களுக்குப் படாத குறைகள் என் கண்ணில் குத்தும். ஐந்து நட்சத்திரத்தில் நான்குதான் கொடுக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொடுத்த வேலை இது: மூன்று பேரின் முகங்கள், மூன்றும் மூன்று விதமாகக் கெட்டுப்போனவை, 12க்கு 18 அங்குலத்தில் ஒரே படமாக வேண்டும். கேட்டவர் அம்மா. வயது 84. சென்ற ஆவணியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து ஒன்றரை மாதம் கட்டிலில் கிடந்தார். கிடந்தபடி பார்த்தால் எதிர்ச் சுவரில் ஒரு வங்கிக் கலண்டர் மட்டும் தெரியும். "அதைக் கழற்று. மூன்று பேரையும் ஒன்றாக மாட்டு. நான் கண்ணாடி போடாமலே தெரிய வேண்டும்" என்றார். மூன்று பேர் என்றால் அண்ணா, தம்பி, என் தங்கையின் மகன்.

அண்ணா டெலோ, அதாவது தமிழீழ விடுதலை இயக்கம். 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வீட்டை விட்டுப் போன பையன்களில் ஒருவர். 1986 ஏப்ரல் கடைசியில் விடுதலைப் புலிகள் டெலோவை அழிக்கத் தொடங்கினார்கள். மே 6ஆம் திகதி அதன் தலைவர் சிறீ சபாரத்தினத்தையும் கொன்றார்கள். அந்த நாட்களுக்குள் அண்ணாவும் முடிந்துபோனார். உடலை நாங்கள் பார்க்கவில்லை. அப்போது கோப்பாயில் இருந்தோம். 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்னும் நினைவு மலர் அடிப்பதற்காக அப்பா ஓர் அச்சகத்துக்குப் போனார். அங்கே தாளை விரித்துப் பெயரைப் பார்த்துவிட்டு, எழுத்துக் கோர்ப்பவருக்குச் சுகமில்லை என்றார்கள். அப்பா இன்னோர் அச்சகத்துக்குப் போகவில்லை.

தம்பி புலிகள். 1990இல் போனான். அண்ணாவைக் கொன்ற இயக்கத்துக்கே எப்படிப் போனான் என்று என்னைக் கேட்காதீர்கள். அப்பா சாகும்வரை அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். 1995இல் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தபோது நாங்களும் நடந்து, கடைசியில் உருத்திரபுரத்தில் குடியேறினோம். 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைமுகாம் புலிகளின் கையில் விழுந்தது. தம்பி அதற்குச் சில நாள் முன்னால் போய்விட்டான். புலிகளின் மயானமான கனகபுரம் துயிலும் இல்லத்தில் விதைத்தார்கள். புதைத்தார்கள் என்று அன்றைக்கு யாரும் சொல்லமாட்டார்கள். விதைத்தார்கள் என்பதுதான் சொல். நாங்கள் சைவர்கள், சுடலையில் எரித்துச் சாம்பலைக் கடலில் கரைப்பவர்கள். ஆனாலும் அம்மா மறுத்துப் பேசவில்லை. மூத்தவனுக்குப் போய் நின்று அழ ஓர் இடமும் கிடைக்கவில்லை, இவனுக்காவது இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

மருமகன் எந்த இயக்கமும் இல்லை. 2008 கடைசியில் வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் பிடித்துக்கொண்டு போனபோது அவனுக்கு 16 வயது. தங்கை வாகனத்துக்கு முன்னால் படுத்தாள். தூக்கி ஓரத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். ஐந்து மாதம் கழித்து முள்ளிவாய்க்காலில் அவனே தப்பி ஓடிவந்து தாயோடு சேர்ந்துகொண்டான். 2009 மே 18ஆம் திகதி வட்டுவாகல் பாலத்தைக் கடந்ததும், இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் பதிய வேண்டும், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று இராணுவம் ஒலிபெருக்கியில் அறிவித்தது. தங்கைதான் அவனுடைய கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஒப்படைத்தாள். அவனை ஏற்றிய பஸ் எங்கே போனது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

இவ்வளவையும் ஸ்டூடியோ மேசையில் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கடையின் முதல் நல்ல குணம் அதுதான்: கேட்கமாட்டார்கள். உரிமையாளருக்கு நாற்பது வயதிருக்கும். கடைத் தம்பி என்றே எழுதுகிறேன். மேசையில் ஒரு வெள்ளைத் துணி விரித்திருக்கிறார். கொண்டுபோனதை அதன்மேல் வைத்தால், விரல் படாமல் ஒரு தட்டையான இடுக்கியால் திருப்பிப் பார்ப்பார். முன்பக்க அறையில் சாமத்திய வீட்டு அல்பங்கள், பிறந்தநாள் பதாகைகள், கலியாணச் சோடிகளின் ஆளுயரப் படங்கள். கடைக்குச் சோறு போடுவது அவைதான். பழைய படத்துக்கான மேசை பின்னறையில், திரைச்சீலைக்கு அப்பால்.

அண்ணாவின் படம் 1978இல் பாடசாலைக் காற்பந்து அணி எடுத்துக்கொண்ட குழுப்படம். எங்களிடம் இருந்ததெல்லாம் 1995இலேயே போய்விட்டது. ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய வகுப்புத் தோழர் தன்னிடமிருந்த பிரதியைக் கைபேசியில் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். பின்வரிசையில் மூன்றாவது ஆள். பெருப்பித்தால் முகம் வெறும் கட்டம் கட்டமாக உடைந்தது. கடைத் தம்பி ஒரு பயனுள்ள விஷயம் சொன்னார், எல்லோருக்கும் உதவும். வட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்ல வேண்டும். பளபளப்பான படத்தைக் கைபேசியில் பிடிப்பதைவிட ஸ்கேன் செய்வதே மேல். தோழர் மறுபடி அனுப்பினார். இந்த முறை அண்ணாவின் இடது புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பு தெரிந்தது. கிட்டிப்புள் விளையாடும்போது நான் அடித்தது.

தம்பியின் படத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டும். இயக்கம் மாவீரர் (செத்த போராளிகள்) குடும்பங்களுக்குச் சீருடையோடு பெரிய படம் கொடுக்கும். எங்கள் வீட்டிலும் மண்டபத்தின் நடுவில், சாமிப் படத்துக்குக் கொஞ்சம் கீழே, மாலையோடு இருந்தது. கடைசிப் போரில் உருத்திரபுரத்தை விட்டு வெளிக்கிட்டபோது பிரேமை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் சுருட்டி எடுத்தார் அம்மா. விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன் என்று அது எங்களோடு வந்தது. கடைசி நாட்களில் பங்கருக்குள் இருந்தவர்கள் சீருடைப் படங்களை எரித்தார்கள், புதைத்தார்கள். அம்மா எரிக்கவில்லை. கத்தரிக்கோல் இல்லை, பாக்குவெட்டியால் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, மிச்சத்தைக் கிழித்து மண்ணுக்குள் தள்ளினார். பெரிய படத்தில் பாக்குவெட்டி வைத்தால் என்ன ஆகும்? விளிம்பு பல்லுப் பல்லாக இருக்கிறது. தாடையில் ஒரு துண்டு போய்விட்டது. வலது காதும் இல்லை. அந்த முகத்தை நான்காக மடித்துத் திருநீற்றுப் பைக்குள் வைத்துக்கொண்டு வட்டுவாகலில் சோதனையைத் தாண்டி, செட்டிக்குளத்து மெனிக் பாம் முகாமில் ஒன்றரை வருடம் வைத்திருந்தார். மடிப்பு இருந்த இடங்களில் நிறமே இல்லை. மேற்பரப்பு முழுக்கத் திருநீறு ஊறிப்போயிருந்தது.

கடைத் தம்பி அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ஈரத்தால் துடைத்தீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு நிம்மதி. மெல்லிய தூரிகையாலும் காற்றூதும் ரப்பர்ப் பந்தாலும் அரை மணி நேரம் திருநீற்றை எடுத்தார். எடுத்ததைத் தட்டிக் கொட்டாமல் ஒரு தாளில் மடித்து என்னிடமே தந்தார். இப்படிப்பட்ட வேலைக்காரர்களை எனக்குப் பிடிக்கும்.

அப்போதுதான் உடம்புப் பேச்சு வந்தது. முகம் இருக்கிறது, உடம்பு இல்லை. கடையில் சீருடை போடமாட்டார்கள். புலிச்சின்னம், தரநிலை, இயக்கப் பெயர் எதுவும் இல்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகமாக வந்தது, இன்னும் போகவில்லை. பேஸ்புக்கில் படம் போட்டதற்கே பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள். கடையின் கணினியில் அப்படி ஒரு கோப்பு அகப்பட்டால் கணினியோடு கடையும் போகும். "முகத்துக்கு என்னவும் செய்து தருவேன் ஐயா. கழுத்துக்குக் கீழேதான் சட்டம்" என்றார்.

திரைக்கு இந்தப் பக்கம் காத்திருந்த ஒரு அம்மா இதைக் கேட்டுச் சிரித்தார். அவருடைய மகளின் படம் கடையில் வேறொரு சிக்கலில் நின்றது. சீருடையை எடுத்துப் பாடசாலை வெள்ளைச் சட்டை போட்டாயிற்று. ஆனால் இயக்கப் பெண்கள் போல இரட்டைப் பின்னலை மடித்து உயர்த்திக் கட்டிய விதம்? அந்தக் கட்டைப் பார்த்த எவருக்கும் அது யார் என்று தெரியும். பின்னலை அவிழ்த்துத் தொங்கவிடட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். "அவள் அதைத் தானே கட்டப் பழகினாள், தம்பி. அதிலே கை வைக்காதே" என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். பின்னல் அப்படியே இருக்கிறது. கழுத்துக்கு மேலே என்பதால் தப்பியது என்று நினைக்கிறேன்.

மருமகனின் படம் லாமினேட் செய்த ஏ4 தாள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடங்கிய போராட்டத்தில் தங்கையும் போய் இருந்தாள். படத்தை மடியில் வைத்தபடி வருடக் கணக்காக வெயிலில் இருந்தால், முதலில் சிவப்புப் போகும், அடுத்து மஞ்சள் போகும், கடைசியில் நீலம் மட்டும் நிற்கும். மருமகன் நீல நிறப் பையனாகிவிட்டான். மூலப்படம் பாடசாலை அடையாள அட்டையில் இருந்தது. அது எங்கே போனதென்று தெரியாது. இதைத் திருத்த முடியுமா என்று கேட்கத்தான் போனேன். கடைத் தம்பி தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கணினியில் தேடி, 2017இல் தானே ஸ்கேன் செய்து வைத்திருந்த கோப்பைத் திறந்தார். நிறத்தோடு, சட்டைப் பையில் குத்திய பேனாவோடு மருமகன் திரையில் வந்தான். அந்தப் பந்தலில் இருந்த தாய்மாரின் படங்களையெல்லாம் அவர் தனியாக ஒரு கோப்புறையில் வைத்திருக்கிறார். வெயிலில் வெளிறியதும் யார் வந்தாலும் மறுபடி அச்சடித்துக் கொடுக்கிறார்; அதற்கு ஐந்து சதம் வாங்குவதில்லை. எங்களிடமும் வாங்கவில்லை. நான்கு நட்சத்திரத்தில் இரண்டு இதற்கு மட்டும்.

இனிக் குறைகள்.

முதல் மாதிரியைக் கைபேசிக்கு அனுப்பினார்கள். அம்மா பார்த்துவிட்டு, "இவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடையில் வேலை பழகும் ஒரு பையன், படத்தைத் தானாகவே தெளிவாக்கும் செயலி ஒன்றில் மூன்று முகங்களையும் போட்டு எடுத்திருக்கிறான். தோல் பாலாடை போல வழுவழுப்பு. கண்களில் ஒரே மாதிரியான ஒளிப்பொட்டு. அண்ணாவின் தழும்பைக் குறையென்று நினைத்துச் செயலி துடைத்துவிட்டது. தம்பிக்குப் புதிதாக முளைத்த தாடை ஏதோ விளம்பரத்தில் வரும் ஆணுடையது. போதாததற்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும்! எங்கள் வீட்டில் பரம்பரையாக யாரும் கோட் போட்டதில்லை. கடையில் 'உடம்புகள்' என்று ஒரு கோப்புறை இருக்கிறது: கோட், வேட்டி சால்வை, கோடு போட்ட சேட், மருத்துவர் அங்கிகூட. சிலர் கேட்பார்களாம். உயிரோடு இருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று நினைத்தார்களோ அது.

நேரில் போய்ச் சண்டை பிடித்தேன். கடைத் தம்பி தன் தவறென்று ஒப்புக்கொண்டு, செயலியை விட்டுவிட்டுக் கையாலேயே மறுபடி தொடங்கினார். தம்பியின் தாடைக்கு என்னையே இருத்திப் படம் எடுத்தார். உங்கள் இருவருக்கும் வாய் ஒன்று ஐயா, தாடையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்றார். 62 வயதுத் தாடையை 29 வயதுக்கு இறக்க அவருக்கு ஒரு நாள் போயிருக்கிறது. காதும் என்னுடையதுதான். உடம்புக்கு, தம்பி வழக்கமாகப் போடும் சாம்பல் நிற அரைக்கைச் சேட் போல ஒன்றைத் தேடிப் பிடித்தோம். மேல் பொத்தானைத் திறந்துவிடச் சொன்னேன்.

இரண்டாவது மாதிரிக்குத் தங்கையும் வந்தாள். படங்களுக்குக் கீழே பெயரும் திகதிகளும் போடுவது கடை வழக்கம். அண்ணாவுக்கு 1960 – 1986. தம்பிக்கு 1971 – 2000. மருமகனுக்கு 1992 என்று போட்டு, பக்கத்தில் ஒரு கோடு போட்டு, வெறுமையாக விட்டிருந்தான் அந்தப் பையன். தவறென்று சொல்ல முடியாது. கணினியில் இருக்கும் வார்ப்பு அப்படி. தங்கை திரையில் விரலை வைத்து, "இந்தக் கோட்டை எடு" என்றாள். எடுத்தான். அப்போது மற்ற இருவருக்கும் திகதி இருந்து அவனுக்கு மட்டும் இல்லாமல் இருப்பது இன்னும் மோசமாகத் தெரிந்தது. கடைசியில் யாருக்கும் திகதி இல்லை, வீட்டில் கூப்பிடும் பெயர் மட்டும் என்று முடிவாயிற்று. தம்பியை இயக்கப் பெயரால்தான் ஊர் அறியும். அம்மாவுக்கு அந்தப் பெயர் இன்றும் வாயில் வராது.

படத்தின் கரைக்கு என்ன பூ என்று கேட்டபோது பையன் யோசிக்காமல் கார்த்திகைப் பூவை எடுத்தான். உரிமையாளர் அதைவிட வேகமாக வேண்டாம் என்றார். நானும் வேண்டாம் என்றேன், எனக்கு வேறு காரணம் இருந்தது. அந்தப் பூவை இயக்கம் தனதாக்கிக்கொண்டது. அண்ணாவின் தலைக்கு மேல் அதைக் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா, அது எங்கள் வேலியில் தானாக ஏறுகிற கொடிதானே, அதற்கு என்ன இயக்கம் என்று கேட்டார். சரியாகச் சொன்னாரா தவறாகச் சொன்னாரா என்று இன்னும் யோசிக்கிறேன். படத்தில் பூ இல்லை.

காத்திருந்த ஒரு நாள் கடைத் தம்பியோடு நாட்கணக்குப் போட்டோம். டெலோ காரர்கள் மே 6இல் தங்கள் தலைவரை நினைக்கிறார்கள். இன்னொரு தமிழ் இயக்கமான ஈ.பி.ஆர்.எல்.எவ். காரர்களுக்கு, தங்கள் தலைவர் பத்மநாபா சென்னையில் கொல்லப்பட்ட ஜூன் 19. அதுபோன்ற வேறோர் இயக்கமான புளொட் காரர்களுக்கு ஜூலை நடுப்பகுதி. புலிகளுக்கு, 1982இல் அவர்களில் முதலாவதாகச் செத்த சங்கரின் நாளான நவம்பர் 27, அதுதான் மாவீரர் நாள். முள்ளிவாய்க்காலுக்கு மே 18. தெற்கில் சிங்கள இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி.க்கு நவம்பர் 13, அதன் தலைவர் ரோஹண விஜேவீர 1989இல் கொல்லப்பட்ட நாள். 1971இலும் 1987க்குப் பிறகும் இதே அரசுக்கு எதிராக ஆயுதம் எடுத்தவர்கள்தான் அவர்களும். ஆற்றிலும் வீதியோரத்திலும் அவர்களைப் பிணமாகப் போட்டது இதே அரசுதான். இன்று அவர்களுடைய படங்களைக் கொழும்பில் மேடை போட்டு வைக்கலாம். "அவர்களுக்குக் கழுத்துக்குக் கீழேயும் பிரச்சினை இல்லை" என்றார் கடைத் தம்பி. பொறாமையாகச் சொல்லவில்லை, தொழில் விவரமாகச் சொன்னார்.

அரசின் நினைவைப் பார்க்க அந்த ஒழுங்கையிலிருந்து அதிக தூரம் போக வேண்டியதில்லை. நகரத்திலேயே, ஒரு பெரிய கொங்கிரீட் கட்டியில் எறிகணை பாய்ந்து வெடிப்பு விழுந்து, மேலே தாமரை மலர்ந்திருக்கும் வெற்றிச் சின்னம் நிற்கிறது. போரில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்க்கத் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனங்கள் வந்த காலத்தில், பக்கத்தில் நினைவுப்பொருள் விற்கும் கடைகூட இருந்தது. யாழ்ப்பாணம் போகும் வழியில் ஆனையிறவில், 1991இல் புலிகளின் கவச புல்டோசரைத் தடுத்துச் செத்த காமினி குலரத்ன என்ற சிப்பாய்க்கு அந்த வண்டியையே நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். நான் ஒருமுறை பஸ்ஸை விட்டு இறங்கி முழுவதும் பார்த்தேன். பராமரிப்பு நன்றாக இருக்கிறது. புல்லை ஒழுங்காக வெட்டுகிறார்கள். தம்பி செத்த வெளி அதற்கு அப்பால்தான் எங்கோ. கனகபுரத்தில் புல் வெட்டுவது சனங்கள். மாவீரர் நாளுக்கு முந்திய இரண்டு கிழமை மண்வெட்டியோடு போவார்கள். சில வருடங்களில் நீதிமன்றத் தடை வரும், சில வருடங்களில் பொலிஸ் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகும். அங்கே உடைந்த கல்லறைக் கற்களைக் குவித்து வைத்திருக்கிறார்கள். 2016இல் முதன்முறை போனபோது அம்மா அந்தக் குவியலில் மத்தியானம் வரை தேடினார். எழுத்துள்ள துண்டு ஒன்று கிடைத்தது, தம்பியுடையதல்ல. அதைத் துடைத்து மேலே வைத்துவிட்டு வந்தார். இயக்கம் ஒரு வருடம் மாவீரர் பெற்றோருக்குக் கொடுத்த தென்னம்பிள்ளை மட்டும் எங்கள் வளவில் தப்பி நிற்கிறது. இப்போது வெள்ளை ஈ பிடித்திருக்கிறது.

கடைக்குத் திரும்புகிறேன். விலை விவரம்: அண்ணாவின் முகத்துக்கு 3,000 ரூபாய். தம்பிக்கு 3,500, தாடைக்கும் காதுக்கும் தனியாகக் கேட்கவில்லை. மருமகனுக்கு ஒன்றும் இல்லை. அச்சுக்கு 1,800. கண்ணாடியோடு தேக்கு நிறப் பிரேமுக்கு 4,400. மொத்தம் 12,700. யாழ்ப்பாணத்தில் விசாரித்தபோது கூடச் சொன்னார்கள், கேள்வியும் கூடக் கேட்டார்கள். சுற்றிவர மின்குமிழ் எரிந்து அணையும் பிரேம் ஒன்றை 2,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் தருவதாகப் பையன் சொன்னான். அவனுக்குத் தொழில் வரும், ஆனால் இன்னும் காலம் எடுக்கும்.

தருவதாகச் சொன்ன நாள் நவம்பர் 5. தந்த நாள் 22. கார்த்திகையில் கூட்டம் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டு ஏன் திகதி கொடுக்க வேண்டும்? கட்டித் தந்த விதம் அதைவிட மோசம். பழைய பத்திரிகையில் சுற்றிச் சணல் கயிறு. மூலைக்கு அட்டை வைக்கவில்லை. உருத்திரபுரம் பஸ்ஸில் வந்த ஆட்டத்தில் கீழ் மூலை ஒன்று பெயர்ந்துவிட்டது. பின்பக்கத்தைச் சாதாரண ஒட்டுநாடாவால் மூடியிருக்கிறார்கள். வன்னியில் இது போதாது. ஆறு மாதத்தில் நாடா உரிந்துவிடும், கறையானும் இராமபாணமும் உள்ளே குடியேறும். நான் அதைப் பிரித்து, தடித்த மண்ணிறத் தாளை வெட்டி, மைதாப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்து ஒட்டினேன். தபாலகத்தில் பேரேடுகளுக்கு அப்படித்தான் செய்வோம். நீங்களும் செய்யுங்கள். ஐந்தாவது நட்சத்திரம் போனது இந்தப் பின்பக்கத்தில்தான். செயலியையும் கோட்டையும் மன்னித்துவிட்டேன்.

படம்? படம் நன்றாக இருக்கிறது. மினுக்கமில்லாத தாளில் அடித்ததால் யன்னல் வெளிச்சம் தெறிக்கவில்லை. இடது பக்கம் அண்ணா, புருவத் தழும்போடு, பதினெட்டு வயதில். நடுவில் தம்பி. வலது பக்கம் மருமகன், சட்டைப் பையில் பேனா. மூவரிலும் மூத்தவர்தான் பார்வைக்கு மருமகனுக்கு அண்ணன் போலத் தெரிகிறார். மூன்றுக்கும் ஒரே பின்னணி நிறம் கொடுத்ததால் ஒரே நாளில் ஒரே கடையில் நின்று எடுத்தது போல இருக்கிறது. அண்ணா செத்தபோது மருமகன் பிறக்கவே இல்லை. அம்மா கட்டிலிலிருந்து எழும்பி வந்து கிட்ட நின்று பார்த்தார். கண்ணாடி போடவில்லை. தம்பியின் தாடை இருக்கும் இடத்தை மட்டும் கொஞ்சம் கூட நேரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று பேரையும் ஒரே பிரேமில் போட்டதால் வந்த சிக்கல் நவம்பர் 27 காலைதான் எங்களுக்கு விளங்கியது. செத்தவர் படத்துக்கு மாலை போட வேண்டும். பிரேமில் மாலையைத் தொங்கவிட்டால் மூவருக்கும் விழும். தங்கை சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தன் மகன் இருக்கும் படத்தில் மாலை விழ விடமாட்டாள். அம்மா கட்டி வைத்த மாலையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு அதைப் பிரித்து, பூக்களை இரண்டு குவியலாக, அண்ணாவுக்கும் தம்பிக்கும் நேர் கீழே மேசையில் வைத்தார். மாலையில் 6.05க்கு ஒரு விளக்கு. அண்ணா பக்கமும் வெளிச்சம் விழும்படி வைத்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை. இதைக் கடைத் தம்பியிடம் சொன்னபோது, மூன்றாகப் பிரித்துத் தனித்தனிப் பிரேம் போட்டுத் தருகிறேன், கூலி வேண்டாம், பிரேமின் விலையை மட்டும் தாருங்கள் என்றார். வீட்டில் கேட்டேன். வேண்டாமாம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அளவு கொடுக்கும் முன்னரே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயமும் கேட்டு வந்தேன். மாட்டி மூன்று மாதத்துக்குள் கண்ணாடியின் வலது பக்கம் மட்டும் மங்கிவிட்டது. தங்கை போகும்போதும் வரும்போதும் தொடுகிறாள், கையில் தேங்காயெண்ணெய். கண்ணாடியில் எதையும் நேரே தெளிக்கக் கூடாதாம், விளிம்பால் உள்ளே இறங்கிப் படத்தில் ஒட்டிக்கொள்ளுமாம். வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து நன்றாகப் பிழிந்து, மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். கிழமைக்கு ஒருமுறை போதும் என்றார். எங்கள் வீட்டில் இரண்டு நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டியிருக்கிறது.